கடை இல்லாத வாரத்தில் கீரையும் புளியும்: செட்டிநாட்டில் காட்டுணவு தேடப் புதிதாக இறங்குவோருக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டுவிட்டுச் சிவகங்கை, திண்டுக்கல் என்று மேற்கே போனது. திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஓர் ஊருக்கு நான் குடிவந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் வரப் பதினெட்டு நாள் ஆனது. ஊரில் இருந்த ஒரே மளிகைக்கடை இரண்டாம் நாள் மதியத்தோடு காலி. வீட்டில் ஆறு கிலோ அரிசி, கொஞ்சம் பருப்பு, அரைப் பாக்கெட் உப்பு இருந்தன. காய் என்று ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அப்பத்தா மட்டும் வழக்கம்போல அடுப்பு மூட்டினார். காலையில் ஓலைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பினார். பெட்டியில் நாலு வகைக் கீரை, ஒரு கை பிரண்டை, ஐந்தாறு பனங்கொட்டை. அதைப் பார்த்துவிட்டு நானும் தனியாகக் கிளம்பினேன். கண்ணில் பட்ட சாரணைக்கீரையை அள்ளி வந்து, வேகவைத்த தண்ணீரை வடிக்காமல் ஒரு சட்டி நிறைய ஆக்கித் தின்றோம். வீடே இரண்டு நாள் கொல்லைப்பக்கம் ஓடியது. பிரண்டையை வெறுங்கையால் உரித்த புண்ணியத்தில் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தேன். "அப்பு, செடியைத் தெரியுறது வேற, அதை ஆக்கத் தெரியுறது வேற" என்று அப்பத்தா சிரித்தார்.

அதன் பிறகு மூன்று வருடம் அவர் பின்னால் நடந்து கற்றதை எழுதுகிறேன். புயலோ வெள்ளமோ ஊரடங்கோ, கடை திறக்காத ஒரு வாரத்தைத் தள்ள இது உதவும். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நேரே காட்டுக்குப் போகாதீர்கள். எழுத்தைப் பார்த்துச் செடி பறிக்க முடியாது. 4-ஆம் பகுதியைத் தாண்டாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

1. முதலில் பசியைக் கணக்குப் போடுங்கள்

கீரை பசியாற்றாது. நூறு கிராம் கீரையில் ஏறத்தாழ 25 முதல் 50 கலோரிதான் இருக்கும். நடமாடும் ஆளுக்கு நாளைக்கு 2000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கீரையை மட்டும் நம்பி வாழ நாலிலிருந்து எட்டு கிலோ தின்றாக வேண்டும். அதற்கு ஆடாகப் பிறந்திருக்க வேண்டும். நூறு கிராம் அரிசி 350 கலோரி தருகிறது. தேங்காய்ப் பருப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. நம்ப மாட்டீர்கள், புளியின் சதையிலும் நூறு கிராமுக்கு 240 கலோரி அளவுக்கு உண்டு.

ஆகவே வீட்டில் எப்போதும் பத்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ கல்லுப்பும் தனியாக இருக்கட்டும். காடு தருவது அந்தக் கஞ்சியைத் தொண்டைக்குள் இறக்கும் துணை. மூன்றாம் நாள் வெறுங்கஞ்சியைக் குழந்தைகள் தொடவே மாட்டார்கள். அதே கஞ்சிக்கு ஒரு உருண்டை பிரண்டைத் துவையல் வைத்தால் தட்டு காலியாகும். காட்டுணவின் வேலை அவ்வளவுதான், ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

2. தண்ணீரை முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போங்கள்

சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாளே பெரிய விஷயம். செட்டிநாட்டு ஊர்களில் குடிக்க ஊருணி, ஆடுமாட்டுக்கும் பாசனத்துக்கும் கண்மாய் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பெருமழைக்குப் பிறகு அந்தப் பிரிவினை செல்லாது. கண்மாய் மறுகால் பாய்ந்து எல்லாம் ஒன்றாகியிருக்கும்.

பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், கிருமி அப்படியேதான் இருக்கும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். இன்னொன்று, தேற்றா மரமும் எட்டி மரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எட்டிக்கொட்டை ஆளைக் கொல்லும். கொட்டையை நாட்டு மருந்துக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மரத்தடியில் பொறுக்க வேண்டாம்.

3. யார் நிலம், யார் மரம்

புதியவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். வேலி இல்லை என்பதால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை.

ரோட்டோரப் புளியமரம் பொதுச்சொத்து மாதிரி தெரியும். ஆனால் நெடுஞ்சாலைத் துறை மரங்களின் புளி மகசூலை வருடாவருடம் ஏலம் விடுவார்கள். கண்மாய்க் கரை மரமும் கண்மாய் மீனும் அப்படித்தான் யாராவது ஏலம் எடுத்திருப்பார்கள். ஒரு பங்குனி மாதம் நான் கீழே உதிர்ந்த புளியைத்தானே பொறுக்குகிறோம் என்று ஒரு பை நிறைத்தேன். ஏலம் எடுத்தவர் மோட்டார் சைக்கிளில் வந்து ரசீதை எடுத்துக் காட்டினார். தப்பு என்னுடையதுதான். பையை அவரிடமே கொடுத்துவிட்டு நின்றேன், பாதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் தோட்டம் இன்னும் சிக்கல். பின்பக்கம் முருங்கையும் கறிவேப்பிலையும் நாரத்தையும் கேட்பாரற்றுக் கிடப்பதுபோல இருக்கும். அந்த ஒரு வீட்டுக்குச் சென்னையிலும் மலேசியாவிலுமாக எத்தனையோ பங்காளிகள் இருப்பார்கள். காவலுக்கு இருப்பவர் தலையாட்டினால் போதாது. அவரிடம் நம்பர் வாங்கி, பங்காளிகளில் ஒருவரிடமாவது, வழக்கமாக வந்துபோகும் ஆச்சி இருந்தால் அவரிடமே பேசிவிடுங்கள். நான் கேட்டவரை யாரும் மறுத்ததில்லை. கேட்காமல் பறித்தால் அடுத்த முறை தெருவிலேயே நடக்க முடியாது.

நிலம் யாருடையது என்று பார்க்க, தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரம் வரும். பார்க்கக் காசு கிடையாது. புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இதைச் சாதாரண நாளிலேயே செய்து, நாலைந்து இடத்தைக் குறித்து வையுங்கள். புயல் நாளில் இணையமும் இருக்காது, அவரும் நிவாரணக் கணக்கில் மூழ்கியிருப்பார்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயமும் பார்ப்பதற்கு வெறும் கண்மாய்தான், ஆனால் அங்கே கீரைகூடக் கிள்ளாதீர்கள். முயல், கௌதாரி, உடும்பு பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், "பசிக்கு" என்று சொல்லித் தப்ப முடியாது. கோயில்காட்டுக்குச் சட்டம் வேண்டியதே இல்லை. அங்கே சுள்ளி ஒடிப்பதைக்கூட ஊர் பொறுக்காது. காடு அடர்ந்து கிடப்பதே அதனால்தான், விட்டுவிடுங்கள்.

4. செடியைக் காட்டித்தர ஓர் ஆளைப் பிடியுங்கள்

நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமாரும், ஆடு மேய்க்கும் பெரியவர்களும், களை எடுக்கப் போகும் அப்பத்தாக்களும்தான் ஆசிரியர்கள். காசு கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். வெற்றிலை பாக்கோ, காரைக்குடி போகும்போது வாங்கி வரும் காப்பித்தூளோ போதும். நான் மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு காலை போனேன். பத்துச் செடி நிற்க ஒரு வருடம் ஆகும். ஒரே செடியை முளையாக, பூவாக, காயாக மூன்று நிலையில் பார்த்தால்தான் கண் பழகும்.

நான் வைத்திருக்கும் முறை இதுதான். ஒரு செடியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுவேன். மூன்று பேரும் ஒரே பெயரும் ஒரே சமையல் முறையும் சொன்னால் அது என் பட்டியலில் ஏறும். ஒருவர் தயங்கினாலும் ஏறாது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். பொன்னாங்கண்ணி சில ஊரில் கொடுப்பை, மணத்தக்காளி சில ஊரில் மிளகுத்தக்காளி. பெயருக்கு முன்னால் "பேய்" ஒட்டியிருந்தால் முன்னோர் எச்சரிக்கைப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலியும் தவறு செய்கிறது. என் பிரண்டையைக் கள்ளி என்றது.

தோலில் தேய்த்துப் பார்த்து, உதட்டில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் மென்று பார்த்துத் தெரியாத செடியைச் சோதிக்கும் முறை ஒன்று உயிர்பிழைப்புக் குறிப்புகளில் சுற்றுகிறது. இந்த ஊரில் அதைச் செய்யாதீர்கள். நம் செடிகளில் சில, கொஞ்சம் மென்றாலே போதும் என்ற ரகம்.

5. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கருக்கரிவாள், தொரட்டி, ஒரு ஓலைப்பெட்டி அல்லது துணிப்பை, கனமான செருப்பு, நீளமான கம்பு. எனக்கு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பிளாஸ்டிக் பையில் கீரை அரை மணியில் அவிந்துவிடும். கம்பு பாம்புக்கு: மழைக்குப் பிறகு கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் மேட்டுக்கு ஏறியிருக்கும். கம்பால் தட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும். புயலுக்குப் பிறகு என்றால் அறுந்து கிடக்கும் கம்பி எதையும் கரண்ட் இல்லாத கம்பி என்று நம்பாதீர்கள்.

எங்கே பறிக்கக் கூடாது என்பதும் முக்கியம். பெரிய ரோட்டின் ஓரம், சாக்கடை வாய், களைக்கொல்லி அடித்த வரப்பு. வரப்பில் ஒரு பக்கம் மட்டும் செடி மஞ்சளாகச் சுருண்டிருந்தால் அங்கே மருந்து அடித்திருக்கிறார்கள்.

6. முதலில் பழக வேண்டிய கீரைகள்

குப்பைக்கீரையில் தொடங்குங்கள். எல்லாக் கொல்லையிலும் இருக்கும், எல்லாருக்கும் தெரியும். அதன் உறவான முள்ளுக்கீரையின் கொழுந்தும் ஆகும், முள்ளைப் பார்த்து ஆய வேண்டும். அடுத்தது தொய்யக்கீரை, மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் கடலைக் கொல்லையெல்லாம் முளைத்து நிற்கும். என் கணக்கில் ருசியில் முதல் இடம் இதற்குத்தான், வெங்காயம் கூட வேண்டாம். பண்ணைக்கீரையைப் பூக்கும் முன்னே கிள்ள வேண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் வந்துவிட்டால் இலை நார்.

மூக்கிரட்டை தரையோடு படரும். தண்டு செம்மை, இலையின் அடிப்புறம் வெளிறியது, பூ குண்டூசித் தலையளவு. முடக்கத்தானை அதன் காற்றடைத்த காயைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம், அரைத்து மாவோடு கலந்து தோசை வார்க்கலாம், ரசத்திலும் போடலாம். கோவைக் கொடியின் இலை, தூதுவளை, பொன்னாங்கண்ணி, முருங்கை இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். தூதுவளை கொடியாக ஏறும், பூ ஊதா. கண்டங்கத்திரியும் முள்ளும் ஊதாப் பூவுமாக இருக்கும், ஆனால் தரையில் அப்பிக் கிடக்கும். அது வைத்தியர் கைக்கு உரியது, சட்டிக்கு அல்ல. தண்ணீர் ஓரத்தில் வளரும் பொன்னாங்கண்ணியையும் ஆரைக்கீரையையும் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

இப்போது என் பழைய எதிரி சாரணை. சதைப்பற்றான இலை, எங்கு பார்த்தாலும் இருக்கும், அதனால்தான் புதியவர்கள் அதில் போய் விழுகிறார்கள். கொழுந்தை மட்டும் கிள்ளி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு கீரையோடு கலந்து கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதையும் தரைப்பசலையையும் புளியாரையையும் தொடாமல் இருப்பது நல்லது, மூன்றிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம்.

7. வயிற்றுக்கு: பனையும் தென்னையும்

ஐப்பசி கார்த்திகையில் பசியாற்றக்கூடிய காட்டுப்பொருள் தவுன்தான். ஆடி ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டை மண்ணில் கிடந்து முளைவிட்டிருக்கும். அதைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல வெள்ளையாக, இனிப்பாக ஒரு பருப்பு இருக்கும். பிளக்கும்போது கொட்டையைக் கையில் பிடிக்காதீர்கள். கட்டையில் வைத்து அரிவாளை அதன்மேல் பதித்து, மேலே இன்னொரு கட்டையால் தட்டுங்கள். எங்கள் தெருவில் புயல் வாரத்தில் ஆறு தையல் போட்டது இந்த ஒரு காரியத்துக்காக.

அதே கொட்டையைப் பாத்தியில் விட்டால் மார்கழி தையில் பனங்கிழங்கு. ஆவணி புரட்டாசியில் நூறு கொட்டையைக் கொல்லையில் மணல் மேடு கட்டிப் புதைத்துவிடுங்கள், செலவு கூலி மட்டும்தான். பனை விஷயத்தில் இரண்டு சட்டம் நினைவிருக்கட்டும்: மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை.

புயலில் சாய்ந்த தென்னையில் இளநீரும் தேங்காயும் போக, கொண்டையைப் பிளந்தால் குருத்து கிடைக்கும். பச்சையாகவே தின்னலாம், ஒரு மரத்துக் குருத்து நாலு வீட்டுக்கு வரும். ஆனால் மரத்துக்காரர் சொல்லாமல் அரிவாளை வைக்காதீர்கள். கஜாவுக்குப் பிறகு சாய்ந்த மரங்களைக் கணக்கெடுத்துத்தான் நிவாரணம் கொடுத்தார்கள். கணக்கெடுக்கும் முன்னே துண்டு போட்டுவிட்டு, மரம் இருந்ததை நிரூபிக்க முடியாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வேரும் கொண்டையும் தெரிய, பின்னால் ஏதாவது அடையாளத்தோடு போட்டோ எடுத்த பிறகே வெட்ட வேண்டும். பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இந்த மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்.

8. உப்பு, புளிப்பு, காரம், கசப்பு

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் கல்பாசி, அன்னாசிப்பூ என்று தொடங்குவார்கள். அந்த அஞ்சறைப்பெட்டியில் பாதி இந்த மண்ணில் விளைவதில்லை. கல்பாசி மலைக்காட்டு மரங்களிலும் பாறைகளிலும் வளர்வது. உங்கள் வீட்டு மாமரத்துப் பட்டையில் சாம்பல் நிறத்தில் அப்பியிருப்பதைச் சுரண்டிக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு நண்பர் போட்டார். குழம்பு சுவரை நக்கியதுபோல இருந்தது.

இந்த மண்ணின் மசாலா வேறு. முதலாவது புளி. அது நாக்குக்காக மட்டும் அல்ல. பிரண்டையிலும் கருணையிலும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இருக்கின்றன, அவைதான் அரிப்பு. அந்த அரிப்புக்கு இங்கே எல்லார் வீட்டிலும் புளிதான் மாற்று. பிரண்டைக்கு முறை: கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், நுனிக் கணுக்கள் இரண்டு மூன்றை மட்டும் ஒடியுங்கள், நாரை உரியுங்கள், எண்ணெயில் நிறம் மாறி மொறுமொறுப்பாகும்வரை வதக்குங்கள், புளி, மிளகாய், உப்போடு அரையுங்கள். வதக்கல் குறைந்தால் புளியும் காப்பாற்றாது. இந்தத் துவையல் தண்ணீர் படாமல் இருந்தால் இரண்டு நாள் கெடாது, கரண்ட் இல்லாத வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

வீட்டுப் புளி தீர்ந்தால் புளியாரை. கிணற்றடி, குழாயடி ஈரத்தில் மூன்று மூன்று இலையாக, மஞ்சள் பூவோடு இருக்கும். ஒரு கைப்பிடி போதும். வெயில் காலமானால் புளியங்கொழுந்து, களாக்காய்.

காரத்துக்கு மிளகரணை என்று ஒரு முட்கொடி புதர்க்காட்டில் உண்டு. கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் விடாது. ஆரஞ்சு நிறச் சின்னப் பழம், நாக்கில் வைத்தால் எலுமிச்சை வாசத்தோடு மிளகுக் காரம். மூன்று வருடத்தில் எனக்கு இரண்டே முறைதான் கண்ணில் பட்டது, ஆகவே வீட்டில் மிளகு வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

உப்பு இந்தக் காட்டில் கிடைக்கவே கிடைக்காது. தொண்டிப் பக்கம் கடலோரத்தில் உமரிக்கீரை உப்புக்கரிக்கும், நமக்கு அது தூரம். கல்லுப்பு வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கசப்பில் மிதுக்கங்காயைச் சொல்லியே ஆக வேண்டும். அறுத்த கொல்லைகளில் கொடியோடு கிடக்கும், நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் நீளம். பச்சையாகக் கடித்தால் கசக்கும். இரண்டாகக் கீறி உப்புப் போட்ட மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, நாலு நாள் இப்படிச் செய்தால் வற்றல். வெறும் சோற்றுக்கு ஐந்து வற்றலைப் பொரித்து வைத்தால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. மிதுக்கு ஆகும் என்பதால் கசக்கிற எல்லாக் காயும் மோரில் ஊறினால் ஆகும் என்று நினைக்காதீர்கள். பேய்க்குமட்டியை எந்த மோரும் திருத்தாது. சுரைக்காய், வெள்ளரி மாதிரிக் காய் எதுவும் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள்.

9. தொடவே கூடாதவை

கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு அது. மழையில் வேலிகளில் ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். பூ உதிர்ந்த பிறகு தோண்டினால் சாதாரண வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும், ஆளைக் கொல்லும். இதனால்தான் நான் காட்டுக்கிழங்கு எதையுமே புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

எட்டிப்பழம் பழுத்தால் சின்ன ஆரஞ்சு போலக் கண்ணைப் பறிக்கும். குன்றிமணி, ஊமத்தை, அரளி, ஆமணக்கு, காட்டாமணக்கு, எருக்கு, ஒடுவந்தழை. இந்தப் பட்டியலைக் குழந்தைகளுக்குச் செடியோடு காட்டிச் சொல்லிக்கொடுங்கள். காட்டாமணக்கு விதையை நிலக்கடலை மாதிரி தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு.

10. காளான்: புதியவருக்கு இல்லை

மழை விட்ட மறுநாள் புற்றுக்காளானை ஊரே தேடும். எனக்கும் ஆசைதான். ஆனாலும் காளானை நான் அப்பத்தா கையால் வாங்கித்தான் தின்கிறேன், நானாகப் பறிப்பதில்லை. வெள்ளிக்காசு கறுக்கவில்லை, அரிசி நிறம் மாறவில்லை, எறும்பு மொய்க்கிறது, ஆடு தின்கிறது என்று சொல்லப்படும் சோதனை எதுவும் நம்பத்தக்கது அல்ல. கொடிய காளானின் விஷம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியாகத் தெரியும், அதற்குள் ஈரல் கெடத் தொடங்கியிருக்கும். சத்தும் பெரிதாக இல்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு இந்தப் பந்தயம் வேண்டாம்.

11. தப்பாகிவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், சாணித்தண்ணீர் கரைத்து ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது நுரையீரலுக்குள் போய் வேறு ஆபத்தைக் கொண்டுவரும். 108-ஐக் கூப்பிடுங்கள். ரோடு அடைத்திருந்தால் ரோடு திறந்திருக்கும் இடம்வரை கட்டிலிலோ டிராக்டரிலோ கொண்டுபோங்கள். தின்ற செடியில் இலை, காய், வேர் என்று ஒரு துண்டாவது பையில் போட்டு எடுத்துப்போங்கள், எத்தனை மணிக்குத் தின்றார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். பாம்புக் கடிக்கும் இதுதான் வழி: கீறாமல், உறிஞ்சாமல், நடக்கவிடாமல் நேரே பெரிய அரசு மருத்துவமனைக்கு.

12. மாதக் கணக்கு

வைகாசியில் நுங்கும் ஈச்சம்பழமும். ஆனி ஆடியில் நாவல், அதோடு பனம்பழம் விழத் தொடங்கும். ஆவணியில் பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போடுங்கள், விளாம்பழமும் இறங்கியிருக்கும். புரட்டாசியில் முதல் மழைக்கு முன் நிலப் பதிவேடு பார்ப்பது, அரிசி உப்பு வாங்குவது, காகிதங்களை உறையில் போடுவது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கீரைக்காலம், தவுனும் அப்போதே. மழை ஓயும் தறுவாயில் மிதுக்கு. மார்கழி தையில் பனங்கிழங்கு, இலந்தை, சூரைப்பழம். மாசி பங்குனியில் புளி. ஏலம் எடுத்தவரிடமே நேரில் போய், கொட்டையோடு கிலோக்கணக்கில் வாங்கினால் கடையைவிட மலிவு. நாமே தட்டி, கொட்டை எடுத்து, கல்லுப்புக் கலந்து ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த வருடம்வரை வரும்.

சித்திரையில் வேப்பம்பூ. முதல் நாள் சாயங்காலம் மரத்தடியைப் பெருக்கி, பழைய சேலையை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். விடிந்ததும் அள்ளிவிட வேண்டும், எட்டு மணிக்குமேல் காற்று கிளம்பினால் பாதிப்பூ பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். இரண்டு நாள் நிழலில், ஒரு நாள் வெயிலில். ஒரு சேலைப் பூ காய்ந்தால் அரைப்படி தேறும், எங்கள் நாலு பேருக்கு வருடம் முழுக்க ரசத்துக்குக் காணும்.